எனக்கு சைபர், மதினிக்கு ரெண்டு

உக்காரு தாயி, தாராளமா உக்காரு. பையை மடியில வச்சுக்கிறேன். மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஒண்ணு இப்பவே சொல்லிப்புடுறேன், எனக்கு வாயை மூடிக்கிட்டு வரத் தெரியாது. தூக்கம் வந்தா நீ பாட்டுக்குத் தூங்கு, நான் தப்பா நினைக்க மாட்டேன். பேசிக்கிட்டேதான் வருவேன்.

முன்னாடி பாரு. டிரைவருக்குப் பின்னால சீட்டு. பச்சைச் சேலை, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கா பாரு. அட, இப்படியா எட்டிப் பாக்கிறது? திரும்பிரப் போறா. அவதான் என் சம்பந்தி. என் மகன் கட்டியிருக்கிற பொண்ணோட அம்மா. தனபாக்கியம்னு பேரு. நான் மதினின்னு கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு சொல்லணும், இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்ல. ராஜபாளையத்துல எனக்கும் முந்தி ஏறி, பக்கத்துல பையைப் போட்டு இடம் பிடிச்சு வச்சிருந்தா. நான் கண்டுக்காம இங்க வந்து உக்காந்துட்டேன். இப்ப அந்த இடத்துல கைப்புள்ளக்காரி ஒருத்தி உக்காந்துட்டா.

பேச்சு இல்லாதவளோட ஒரே பஸ்ஸுல எதுக்கு வாறேன்னுதானே பாக்குற? நான் எங்க அவளோட வாறேன், அவதான் என்னோட வாறா. வரச் சொல்லி யாரும் வெத்தலை பாக்கு வைக்கல. காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, தூக்குச்சட்டியும் கையுமா நிக்கிறா.

என் பேரு ராஜாமணி. நைட்டி வியாபாரம். கடையெல்லாம் இல்ல, வீட்டு முன்ரூம்லயே வச்சிருக்கேன். சாயம் போகாது, பாக்கெட் வச்சது, உனக்கு வேணும்னா நம்பர் தாறேன். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு. ஒத்தை மகன், ஓசூர்ல வேலை. சம்பந்தியும் எங்க ஊருதான். அங்கதான் வந்தது வம்பு. உள்ளூர்ல மட்டும் பொண்ணு எடுக்கக் கூடாது தாயி. எங்க வீட்டுல மொளகாய் தாளிச்சா அவ வீட்டுல தும்முவா. புள்ளைக ரெண்டும் ஓசூருக்குப் போயிருச்சு, தாய்மாருக ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிட்டு ஊர்ல கிடக்கோம்.

நான் மாப்பிள்ளை வீடு, அவ பொண்ணு வீடு. ஆனா அதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டினது இல்ல. என்னைப் பத்தி அப்படி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தீபாவளிக்கு அவ எடுத்துக் குடுத்த சேலை வேலைக்காரி கலர்ல இருக்குன்னு சொன்னேன், அது கலரைப் பத்தினது. போன மாசம் வளைகாப்புல, இவ்வளவு பேரைக் கூப்பிட்டுட்டு அஞ்சு வகை சாதம்தானா மதினின்னு கேட்டேன், அது ஒரு கேள்வி. சொல்லிக்காட்டுறதுன்னா அது வேற மாதிரி இருக்கும்.

சரி, விசயத்துக்கு வாறேன். பொங்கல் கழிச்சு எங்க ஊர்ல ஒரு முகாம் போட்டாக. கல்யாண மண்டபத்து வாசல்ல பெரிய வேன். நாப்பது வயசு தாண்டின பொம்பளைகளுக்கு மார்ல படம் எடுத்துப் பாக்கிறாக, மேமோகிராம், வாங்க வாங்கன்னு ஆட்டோவுல மைக் போட்டுக் கூவுனான். மதினிதான் கூப்பிட்டா. எனக்கு என்ன கேடு, நான் எதுக்கு வரணும்னு கேட்டேன். சரி மதினி, நான் மட்டும் போய்ட்டு வாறேன்னுட்டா. அவ மட்டும் போய்ட்டு வந்து விவரமானவன்னு பேரு வாங்கிட்டா? அதான் நானும் கிளம்பிட்டேன்.

பவுடர் போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னு மைக்லயே சொன்னான். மதினியும் சொன்னா. மிஷின் அழுக்காயிரும்னு சொல்றாக போலன்னு நான் கொஞ்சமாத்தான் போட்டேன். கொஞ்சம்னா என் கணக்குக்குக் கொஞ்சம். கழுத்து, கக்கம், கீழ் மடிப்பு. முன்னப்பின்ன தெரியாத பொண்ணு முன்னாடி ஜாக்கெட்டைக் கழட்டிட்டு நிக்கணும், வாசமா நிக்க வேண்டாமா? சந்தன வாசம். வேனுக்குள்ள போனதுமே அந்தப் புள்ள மூக்கைச் சுருக்கிட்டு, பவுடர் போட்டீங்களாம்மான்னு கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன். என் மேலுக்கு இயல்பாவே இந்த வாசம்தான்னுட்டேன். சிரிக்காத. வெளிய அவ்வளவு கூட்டம் நிக்குது, போய்க் கழுவிட்டு வான்னு அனுப்பிட்டா என் மானம் என்னாகுறது?

நீ இன்னும் எடுத்ததில்லயா? சின்ன வயசுதான், காலம் வரும்போது எடுத்துக்க. ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அமுக்குவாக பாரு, புரோட்டா மாஸ்டர்கூட மாவை அப்படி அமுக்க மாட்டான். அய்யோ அம்மான்னு கத்துறதுக்குள்ள முடிஞ்சும் போயிரும். அதுக்குப் பயந்துக்கிட்டுப் போகாம மட்டும் இருந்துராத.

அப்புறம் ரிப்போர்ட் வந்துச்சு. பெரிய கவர். உள்ள படம் இருக்கு, கூட ஒரு தாளு. தாளு பூரா இங்கிலீசு. அடியில பைராட்ஸுன்னு போட்டு ஒரு நம்பர். எனக்கு சைபர். மதினிக்கு ரெண்டு.

நீயே சொல்லு. சுகர் கூடினா கெட்டது. பிரஷர் கூடினா கெட்டது. கொழுப்பு கூடினா கெட்டது. ஆஸ்பத்திரி நம்பர்ல எது கூடினா நல்லதுன்னு சொல்லியிருக்காக? அப்ப சைபர்னா என்ன? சுத்தமா ஒண்ணுமில்லைன்னுதானே? அதுக்குக் கீழ நம்பரே கிடையாதே! நான் நினைச்சதுல என்ன தப்பு?

இருந்தாலும் நான் அசட்டை பண்ணல. எங்க டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். காய்ச்சல், இருமல், வயித்துப்போக்கு, எல்லாத்துக்கும் எனக்கு அவர்தான். தங்கமான கைராசி. கவரைக்கூடப் பிரிக்கல, தாளை மட்டும் ஒரு பார்வை பாத்தாரு. கட்டி எதும் கையில தட்டுப்படுதாம்மான்னு கேட்டாரு. இல்ல சார்னேன். அப்ப பயமில்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாரு. பீசுகூட வாங்கல. அப்படி ஒரு மனுசன்.

வீட்டுக்கு வந்ததும் நெய் விட்டுக் கேசரி கிண்டித் தெருவுக்கே குடுத்தேன். எனக்கு சைபர்னு வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் வச்சேன். நைட்டி வாங்குறவளுக எல்லாம் கும்பிடுற கை போட்டு அனுப்பினாளுக. அப்பத்தான் மதினி ஞாபகம் வந்துச்சு. ஐயோ பாவம், அவளுக்கு ரெண்டாச்சே! நான் அவளோட ஆயிரம் மல்லுக்கு நிப்பேன், அதுக்காக மனசு இல்லாதவளா? சாத்துக்குடியும் ஆப்பிளும் வாங்கிக்கிட்டு, அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். போகும்போது என் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போனேன். எதுக்குன்னு கேக்காத, சும்மாதான்.

அவளுக்கு எதையும் முழுசாப் படிக்கணும். பால் பாக்கெட்ல தேதி பாப்பா, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாப்பா. என் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிக்கப் படிக்க மூஞ்சி செத்துப்போச்சு. பொறாமைன்னுதான் நினைச்சேன். தைரியமா இருங்க மதினி, ரெண்டுதானே, மருந்து மாத்திரையில சரியாயிரும்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். அவ ஆப்பிளை எடுத்துக் கழுவிக்கிட்டே இருந்தா.

மறுநாள் வீட்டுக்கு வந்தா. மதினி, எனக்கு மனசே சரியில்ல, மதுரையில பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு தடவை காட்டிக் கேட்டாத்தான் நிம்மதின்னா. துணைக்கு வாங்கன்னா. சம்பந்தி உறவுன்னா சும்மாவா, வாறேன்னேன். அப்புறம் சொல்றா பாரு, உங்க தாளையும் படத்தையும் சேத்து எடுத்துட்டு வாங்க மதினி, நல்ல ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு டாக்டரம்மா பக்கத்துல வச்சுப் பாப்பாங்களாம்னு. எனக்குப் பெருமை தாங்கல. அந்தக் கவர் கசங்கிறக் கூடாதுன்னு புதுச் சேலைப் பெட்டிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன்.

வழி பூரா நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். இந்தக் காலத்துல எதுக்கும் மருந்து இருக்கு மதினி, முடி கொட்டினா மொளைச்சிரும் மதினின்னு ஒண்ணு விடாம சொன்னேன். சரி மதினி, சரி மதினின்னு தலையை ஆட்டிக்கிட்டு வந்தா. கள்ளி! நடிப்புக்குக் கப்பு குடுக்கணும்னா அவளுக்குத்தான் குடுக்கணும்.

ஆஸ்பத்திரில உக்காந்திருக்கோம். நர்சு வந்து, ராஜாமணி யாருங்கன்னு கூப்பிடுது. பேரு மாறிப்போச்சும்மா, காட்ட வந்தது அவுக, நான் துணைக்கு வந்தவன்னேன். இல்லைம்மா, ராஜாமணிதான்னுச்சு. திரும்பி மதினியைப் பாக்கிறேன், அவ செவுத்துல இருக்கிற காலண்டரைப் பாத்துக்கிட்டு இருக்கா. என் பேருல சீட்டு போட்டு வச்சிருக்கா தாயி! ரெண்டுன்னா பயமில்லாதது, எதோ இருக்கு ஆனா அது கெடுதல் பண்ணாதுன்னு அர்த்தமாம். நான் பழத்தோட போன அன்னைக்கே அவ முகாம்காரங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டா. என் சைபரைப் பத்தியும் அப்பவே கேட்டுட்டா.

அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. உக்கார வச்சு நிதானமாச் சொன்னாக. அம்மா, சைபர்ங்கிறது மார்க் இல்ல. படத்துல சரியாத் தெரியல, நாங்க இன்னும் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். போட்டோவுல கண்ணை மூடிட்டா திருப்பி எடுக்கிறோம்ல, அதுமாதிரி திருப்பி எடுக்கணும்னாக. திருப்பி எடுக்கச் சொல்லித் தாள்லயே எழுதியிருக்காம், நான் நம்பரை மட்டும் பாத்துட்டுக் கேசரி கிண்டிட்டேன். எங்க டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னாரேன்னு கேட்டேன். படத்தைப் பாத்தாரான்னாக. இல்லைன்னேன். படத்தைப் பாக்காம சொன்னா அது பாதிதான்மா, இதையே தினமும் பாக்கிறவங்க படத்தை வச்சுப் பாத்துச் சொல்லணும், உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா நான் சொல்றதையும் வேற இடத்துல காட்டிக் கேளுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்னாக. அப்படிச் சொல்ற டாக்டரை நான் பாத்ததே இல்ல.

அப்புறம் படத்தை வெளிச்சத்துல போட்டு, பவுடர் போட்டீங்களான்னு கேட்டாக. சொல்லு, எப்படிக் கண்டுபிடிச்சாக? கக்கத்துக்கிட்ட பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளி, அத்தனையும் என் சந்தனப் பவுடர். ஈரத்துணியால துடைச்சுட்டு மறுபடி அமுக்கி எடுத்தாக. புள்ளி எல்லாம் போயிருச்சு! நான் எந்திரிச்சே நின்னுட்டேன். பாத்தீங்களா, எல்லாம் பவுடர்தான், எனக்கு ஒண்ணுமில்லைன்னு கதவைப் பாத்துக் கத்துனேன், வெளிய இருக்கிற அவளுக்குக் கேக்கட்டும்னு.

டாக்டரம்மா சிரிக்கல. உள்ள தள்ளி ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாக. இது பவுடர் இல்லம்மா, இது அப்படியேதான் இருக்குன்னாக. கையில தட்டுப்படாத அளவுக்குச் சின்னது. இப்ப நம்பர் நாலு. நாலுன்னா சந்தேகமாம். சந்தேகம்னா வியாதின்னு அர்த்தம் இல்ல, நிறைய பேருக்கு ஒண்ணுமில்லாமப் போயிருக்கு, ஆனா ஊசியால கொஞ்சம் சதையை எடுத்துப் பாக்காம நானும் சொல்லக் கூடாது, நீங்களும் சும்மா இருக்கக் கூடாதுன்னாக.

வெளிய வந்தேன். எனக்கு வந்த கோவம் இருக்கே! நாலைப் பத்தி இல்ல, அவளைப் பத்தி. ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காம கேட்டுட்டேன். ஏன் மதினி, பச்சைப் புள்ளையை மிட்டாய் காட்டிக் கூட்டிட்டுப் போற மாதிரி என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தீகளே, நேராச் சொல்ல வாய் வரலியான்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? பொண்ணைக் குடுத்தவ நான். என் வாயிலருந்து உங்களுக்கு அப்படி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, சம்பந்திக்காரி வாய் வச்சுட்டான்னு என் மகளை நீங்க காலத்துக்கும் சொல்லிக்காட்ட மாட்டீகளா மதினின்னா.

கேட்டியா? என்னைப் பத்தி எப்படி நினைச்சு வச்சிருக்கா பாரு! நான் சொல்லிக்காட்டுவேனாம்! சொல்லியிருப்பேன்தான். அது வேற விசயம். அதுக்காக அவ அப்படி நினைக்கலாமா? அன்னைக்கோட பேச்சை நிப்பாட்டிட்டேன்.

மருமக மாசமா இருக்கா, ஏழு முடிஞ்சிருச்சு, வளைகாப்பு முடிஞ்சதும் ஓசூருக்கே திரும்பிட்டா. அதனால புள்ளைக ரெண்டு பேருக்கும் இதைச் சொல்லல. மகன்கிட்ட சொன்னா அவன் மூஞ்சியைப் பாத்தே அவ கண்டுபிடிச்சிருவா. மதினி தினம் ரெண்டு வேளை மகளோட போன்ல பேசுறவ. கத்தரிக்காய் விலை வரைக்கும் சொல்லுறவ. இதை மட்டும் மூச்சு விடல. நான் கேட்டுக்கக்கூட இல்ல, அவளா மூடி வச்சிருக்கா. நேத்து மருமக என்கிட்ட, அம்மா ஏன் அத்தை இப்பல்லாம் சுருக்கமாப் பேசுறாகன்னு கேட்டா. என்னமோ தெரியலையேன்னு சொல்லிட்டேன்.

ஊசியால சதை எடுத்தது போன வாரம். அதுக்கும் நான் கூப்பிடாமயே மதினி வந்தா. நர்சு, கூட ஒருத்தர் உள்ள வரலாம்மா, இவங்க வரட்டுமான்னு கேட்டுச்சு. யாரும் வேண்டாம்னுட்டேன். அவ காதுல விழத்தான் சொன்னேன். உள்ள போய்ப் படுத்தேன். மரத்துப்போக மருந்து போட்டதால வலி அவ்வளவா இல்ல, உனக்கு எப்பவாச்சும் எடுக்கணும்னா அதுக்குப் பயப்படாத. ஆனா அந்த மிஷின் டப்புன்னு சத்தம் போடும் பாரு. ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுது. எதையாச்சும் பிடிச்சுக்கலாம்னு கையை நீட்டுறேன், கட்டில் கம்பிதான் இருக்கு. ஜில்லுன்னு இருந்துச்சு. ஏன்டி ராஜாமணி, இந்த வீம்பு உனக்கு எதுக்குன்னு எனக்கே தோணுச்சு. வெளிய வந்தா டீ வாங்கி வச்சுக்கிட்டு நிக்கிறா. நான் வாங்கல. குழாய்ல தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அந்த முடிவைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறாக. ஆமா, இன்னைக்குத்தான். என்ன நீ, இப்படி மூஞ்சியை வச்சுக்கிற? எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தானே பேசிக்கிட்டு வாறேன்? டாக்டரம்மாவே சொல்லியிருக்காக, ஒருவேளை இருந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சாச்சு, சரி பண்ணிரலாம்னு. பவுடருக்குப் பின்னால ஒளிஞ்சு கிடந்ததை அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு நான் விட்டிருந்தேன்னா... வேண்டாம், அதை நினைக்கக்கூடாது. எனக்குப் பேரப்புள்ள பாக்கணும் தாயி. பொறந்ததும் தூக்கணும். மடியில போட்டுக் குளிப்பாட்டி விடணும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

திருமங்கலம் வந்துருச்சா? அதுக்குள்ளயா? இன்னைக்கு என்ன இவன் இந்தப் பாய்ச்சல் பாயுறான்!

டாக்டரம்மா என்ன சொன்னாலும் எனக்குப் புரியாது. இப்பவே காது அடைச்ச மாதிரி இருக்கு. முடிவு என்னன்னு கேக்கணும், அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கணும், அடுத்து என்ன செய்யணும், வேற இடத்துல படத்தைக் காட்டணுமான்னு கேக்கணும். நான் போனா சரிங்க சரிங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்துருவேன். அவதான் நோண்டி நோண்டிக் கேப்பா. எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாப்பா. உள்ள போகும்போது அவ கூட இருக்கணும். அந்தக் கட்டில்ல தனியாக் கிடந்த மாதிரி இன்னொரு தடவை என்னால முடியாது.

நீ ஒண்ணு பண்ணு தாயி. கொஞ்சம் எந்திரிச்சு முன்னாடி போ. கைப்புள்ளக்காரி இறங்குறா போல, நீ அங்க உக்காந்துக்க. அவகிட்ட, உங்க மதினி கூப்பிடுறாங்கன்னு சொல்லு. மதினின்னே சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பயந்துபோய் இருக்கேன்னு மட்டும் சொல்லிராத.

சரி, கேட்டான்னா சொல்லிரு.